ராஜா வீட்டுக் கன்றுக்குட்டி பட்டாளத்துக்குப் போனால்

அரச குடும்பத்துப் பிள்ளைகள் ராணுவத்தில் சேரும்போது சாதாரண வீரர்களுக்கு இல்லாத தனிக் கவனிப்பு அவர்களுக்குக் கிடைக்கிறதா, இல்லை "அங்கே எல்லாரும் சமம்" என்று சொல்வது நிஜம்தானா என்பது கேள்வி.

கிடைக்கிறது. ஆனால் பலரும் தேடுகிற இடத்தில் அது இருப்பதில்லை. விடியற்காலையில் எழுப்ப மாட்டார்கள், பூட்ஸுக்கு வேறு யாரோ பாலிஷ் போடுவார்கள், சேற்றில் தவழ வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள் என்றெல்லாம் கற்பனை செய்தால் ஏமாற்றம்தான். சின்ன விஷயங்களில் அவர்களும் மற்றவர்களைப் போலத்தான். பெரிய விஷயங்களில் கணக்கு மாறுகிறது. போர்முனைக்கு அனுப்புவதா வேண்டாமா என்று யார் முடிவெடுக்கிறார்கள், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு சுலபமாகத் தாவ முடிகிறது, வேலையை விட்ட பிறகும் தோளில் என்னென்ன பட்டைகள் ஏறுகின்றன என்று பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. கிடைக்கிற தனிக் கவனிப்பு பல சமயம் அந்த இளவரசனே வேண்டாம் என்று மன்றாடுகிற ஒன்றாக இருக்கும்.

பெரும்பாலும் பிரிட்டனை வைத்தே சொல்கிறேன். நூறு வருடத்துக்கு மேலான கதைகள் அங்கேதான் ஊரறியக் கிடக்கின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நாம் இளவரசனைச் சிப்பாயோடு ஒப்பிடுகிறோம், ஆனால் பிரிட்டிஷ் இளவரசர்கள் சிப்பாயாகச் சேர்வதில்லை. நேராக அதிகாரிப் பயிற்சிக்குப் போகிறார்கள். அங்கேயே பாதி வித்தியாசம் முடிந்துவிட்டது. இளவரசர் ஹாரி பள்ளி இறுதித் தேர்வில் கலைப் பாடத்தில் பி, புவியியலில் டி வாங்கியவர். பல்கலைக்கழகப் பக்கம் போகாமல் அதிகாரிகளுக்கான தேர்வு வாரியத்தைத் தாண்டி 2005 மே மாதம் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரிக்குள் நுழைந்தார். வெளியே வந்ததும் சேர்ந்தது ராஜகுதிரைப்படையின் 'புளூஸ் அண்ட் ராயல்ஸ்' படைப்பிரிவில். காலங்காலமாகப் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள் அதிகாரிகளாகச் சேரும் இடம் அது. அங்கே ஓர் இளவரசன் தனித்துத் தெரிவதைவிடக் கூட்டத்தோடு கலந்துபோவதுதான் சுலபம்.

நிஜமாகவே கீழ்மட்டத்தில் சேர்ந்தவர் வேண்டுமென்றால் நார்வேயைத்தான் பார்க்க வேண்டும். அங்கே கட்டாய ராணுவ சேவை உண்டு. வருங்கால ராணி இங்க்ரிட் அலெக்சாண்ட்ரா 2024 ஜனவரியில் நாட்டின் வடகோடியில் உள்ள பொறியாளர் பட்டாலியனில் சேர்ந்து, கவச வாகனத்தில் பீரங்கி சுடுபவராக 15 மாதம் இருந்துவிட்டு வந்தார். ஸ்பெயின் இதற்கு நேர் எதிர். இளவரசி லியோனோர் தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று படைக்கொரு வருடமாக மூன்று வருடத்தில் முடிக்கும்படி திட்டமே போட்டுக் கொடுத்தார்கள். மற்ற கேடட்டுகளுக்கு ஒரே படையில் ஐந்து வருடம். ஒளிவுமறைவு இல்லாமல் செய்ததால் அதைப் பற்றி யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை.

சரி, பயிற்சிக்குள் என்ன நடக்கிறது? சாண்ட்ஹர்ஸ்டில் பயிற்சி 44 வாரம். முதல் ஐந்து வாரம் வெளியே விடமாட்டார்கள். இஸ்திரி போடுவது, தரையைத் தேய்ப்பது, படுக்கையை அங்குலக் கணக்கில் மடிப்பது எல்லாம் எல்லாருக்கும் உண்டு. அங்கே சார்ஜென்ட்டுகள் வழிவழியாகச் சொல்கிற நகைச்சுவை ஒன்று இருக்கிறது: "நான் உங்களை சார் என்பேன், நீங்களும் என்னை சார் என்பீர்கள், வித்தியாசம் என்னவென்றால், நீங்கள் அதை மனதாரச் சொல்வீர்கள்." ஹாரியும் வில்லியமும் அந்த மைதானத்தில் அதிகாரிப் பயிற்சி மாணவர் வேல்ஸ் (ராணுவத்தில் அவர்கள் வைத்துக்கொண்ட குடும்பப் பெயர்), அவ்வளவுதான். பயிற்றுநர்களுக்கு இதில் ஒரு சுயநலமும் இருக்கிறது. இளவரசனைச் சலுகையாக விட்டார்கள் என்று பெயர் வாங்கினால் கல்லூரியின் மானம் போய்விடும். அதனால் கொஞ்சம் கூடவே திட்டு விழுந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

இது எப்போதும் இப்படியே இருந்ததில்லை. பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் ஆல்பர்ட், ஆஸ்போர்ன் கடற்படைப் பள்ளியின் இறுதித் தேர்வில் வகுப்பிலேயே கடைசியாக வந்தார். ஆனாலும் அடுத்த கட்டமான டார்ட்மவுத் கல்லூரிக்குப் போனார். வேறு வீட்டுப் பையனாக இருந்தால் அப்பாவுக்குக் கடிதம் போயிருக்கும். ஆனால் அதே பையன் 1916 மே 31 அன்று ஜட்லாண்ட் கடற்போரில் 'காலிங்வுட்' கப்பலின் பீரங்கிக் கோபுரத்துக்குள் இருந்தார். உடம்பு சரியில்லாமல் படுக்கையில் கிடந்தவர், சண்டை என்றதும் எழுந்து போனார். கப்பலில் அவருக்கு 'மிஸ்டர் ஜான்சன்' என்று பெயர். எதிரியின் குண்டு விழுகிற கப்பலில் இளவரசன் உட்கார்ந்திருக்கும் அறைக்கு மட்டும் தனிக் கவசம் போட முடியாது. கடற்படைச் சேவை தரைப்படையைவிட நேர்மையானது என்று எனக்கு எப்போதும் தோன்றுவதற்கு இதுதான் காரணம். கப்பல் மூழ்கினால் எல்லாரும்தான் மூழ்க வேண்டும்.

தரைப்படையில் ஒதுக்கி வைக்க வழி உண்டு. ஆல்பர்ட்டின் அண்ணன் எட்வர்டுக்கு அதுதான் நடந்தது. 1914-ல் போர் தொடங்கியதும் கிரெனடியர் கார்ட்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். முதலில் அவரைப் போட்ட 'மன்னர் கம்பெனி'யில் ஆறடிக்குக் குறைந்தவர்களுக்கு இடமில்லை. எட்வர்டின் உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். அதெல்லாம் தடையாக இருக்கவில்லை. போர்முனைக்குப் போகிறேன் என்றபோதுதான் தடை வந்தது. எனக்கு நான்கு தம்பிகள் இருக்கிறார்கள், நான் செத்தால் என்ன ஆகிவிடும் என்று போர் அமைச்சர் கிச்னரிடம் வாதாடினார். நீங்கள் சாவது நிச்சயம் என்றால்கூட நான் தடுத்திருக்க மாட்டேன், எதிரி உங்களை உயிரோடு பிடித்துக்கொண்டு போனால்தான் சிக்கல் என்பது கிச்னரின் பதில். அப்புறம் பிரான்சில் தலைமையகத்தில் வைத்துக்கொண்டார்கள். முன்வரிசையைப் பார்க்க அவ்வப்போது போய்வந்தார். 1915-ல் அப்படிப் போய்க் காரை விட்டு இறங்கி நடந்த நேரத்தில் குண்டு விழுந்து, காரில் காத்திருந்த ஓட்டுநர் செத்துப்போனார். அடுத்த வருடம் எட்வர்டுக்கு 'மிலிட்டரி கிராஸ்' பதக்கம் கொடுத்தார்கள். சண்டையே போடாத தனக்கு எதற்கு என்று அவருக்கே கூச்சமாக இருந்தது.

அந்த ஓட்டுநரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் என் கவனம் முழுக்க அங்கேதான் போகிறது. இளவரசனுக்கு என்ன கிடைக்கிறது என்று எல்லாரும் கேட்கிறார்கள். அவன் பக்கத்தில் நிற்பவனுக்கு என்ன ஆகிறது?

இதற்கு 1879-ஐவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. பிரான்சில் ஆட்சி இழந்த மூன்றாம் நெப்போலியனின் ஒரே மகன் லூயி, இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்து வளர்ந்தவர். உல்விச் பீரங்கிப்படைக் கல்லூரியில் படித்தவர். தென்னாப்பிரிக்காவில் ஜூலு போர் மூண்டதும் தன்னையும் அனுப்பச் சொல்லி அடம்பிடித்தார். பார்வையாளராக மட்டும் போகலாம், பாதுகாப்பு இல்லாமல் நகரக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுப்பினார்கள். ஜூன் 1 அன்று ஏழெட்டுப் பேர் கொண்ட சிறிய ரோந்துக் குழுவோடு கிளம்பினார். கூட இருந்தவர் லெப்டினன்ட் கேரி. பதவியில் மூத்தவர் கேரிதான், ஆனால் கட்டளைகளை இளவரசன் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு குடியிருப்பில் ஓய்வெடுத்தபோது ஜூலு வீரர்கள் பாய்ந்தார்கள். குதிரையில் தாவி ஏறப் போன லூயியின் கையில் சேணத்து வார் அறுந்தது. ஈட்டிகளால் குத்திக் கொன்றார்கள். வயது 23. அவரோடு இரண்டு குதிரைவீரர்களும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரும் செத்தார்கள். கேரி தப்பி வந்தார். வந்ததும் அவர்மேல் ராணுவ நீதிமன்றம். எதிரியின் முன் நடத்தை தவறியதாகத் தீர்ப்பும் ஆனது. பிறகு அதை ரத்து செய்தார்கள், ஆனால் படைப்பிரிவுக்குத் திரும்பியவரைச் சக அதிகாரிகள் ஒதுக்கியே வைத்தார்கள். சில வருடத்தில் இந்தியாவில் இறந்துபோனார். செத்த அந்த இரண்டு குதிரைவீரர்களுக்காக மட்டும் யாராவது கேரியை நீதிமன்றத்தில் நிறுத்தியிருப்பார்களா?

ஓர் இளவரசன் தன் பிரிவுக்கு வருகிறான் என்றால் இன்றைக்கும் தளபதிகளின் வயிற்றில் புளி கரைவது இதனால்தான். 2007-ல் ஹாரியின் படை ஈராக்குக்குக் கிளம்பியது. ஹாரியும் போவார் என்று பிப்ரவரியில் அறிவித்தார்கள். அவரைக் குறிவைத்தே மிரட்டல்கள் வரத் தொடங்கின. மே மாத நடுவில் தரைப்படைத் தலைவர் ஜெனரல் ரிச்சர்ட் டானட் முடிவை மாற்றினார். ஹாரிக்கு மட்டுமில்லை, அவரோடு இருப்பவர்களுக்கும் ஆபத்து என்பது அவர் சொன்ன காரணம். ஹாரியின் ஆட்கள் ஈராக்குக்குப் போனார்கள், ஹாரி ஊரில் இருந்தார். ஒரு செகண்ட் லெப்டினன்ட்டின் பயணத்தை ரத்து செய்ய ராணுவத்தின் தலைமைத் தளபதியே அறிக்கை விடுவது வேறு யாருக்கு நடக்கும்? அதே சமயம், ஹாரி அதைச் சலுகையாகவா எடுத்துக்கொண்டார்? சாண்ட்ஹர்ஸ்டில் அவ்வளவு பாடுபட்டுவிட்டு, பையன்கள் சண்டை போடும்போது வீட்டில் உட்கார்ந்திருக்கப் போவதில்லை என்று முன்பே பேட்டியில் சொன்னவர் அவர்.

அதே வருடக் கடைசியில் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். பிரிட்டிஷ் பத்திரிகைகளோடும் தொலைக்காட்சிகளோடும் பாதுகாப்பு அமைச்சகம் ஓர் ஒப்பந்தம் போட்டது: இப்போது எதுவும் எழுதாதீர்கள், பிறகு பேட்டியும் படமும் தருகிறோம். டிசம்பரில் ஹாரி ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்துக்குச் சத்தமில்லாமல் போனார். போர் விமானங்களைத் தரையிலிருந்து வழிநடத்தும் வேலை. கர்ம்சீர் அருகே கூர்க்கா வீரர்களோடு ஒரு முன்னணி முகாமில் இருந்தார். தாலிபான் நிலைகள் சில நூறு மீட்டர் தூரத்தில். தண்ணீர், சாப்பாடு, தூக்கம் எல்லாம் மற்றவர்களுக்கு எப்படியோ அப்படித்தான். ரேடியோவில் அவர் வெறும் குறிப்புப் பெயர். மறுமுனையில் இருந்த விமானிக்கு யாரோடு பேசுகிறோம் என்றே தெரியாது. பத்து வாரம் ஓடியது. ஓர் ஆஸ்திரேலியப் பத்திரிகையில் கசிந்த செய்தியை 2008 பிப்ரவரி கடைசியில் அமெரிக்க இணையதளம் ஒன்று பெரிதாக்கியதும், உடனே விமானம் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டார்கள். சகாக்கள் அவருக்கு வைத்திருந்த செல்லப்பெயர் 'குண்டுக் காந்தம்'. தோட்டாவை இழுப்பவன் என்று அர்த்தம். அந்த நகைச்சுவைக்குள் கொஞ்சம் பயமும் இருந்திருக்கும்.

ஒரு மனிதன் பத்து வாரம் தன் வேலையைச் செய்ய ஒரு நாட்டின் பத்திரிகை உலகமே வாயை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது. இதைத் தனிக் கவனிப்பு என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது? ஆனால் அந்தக் கவனிப்பு அவரை ஆபத்துக்குள் கொண்டுபோகத்தான் உதவியது.

அதன் பிறகு ஹாரி அப்பாச்சி ஹெலிகாப்டருக்கு மாறினார். தரையில் நின்றால் அடையாளம் தெரியும், ஆகாயத்தில் தெரியாது என்பது ஒரு காரணம். இப்படித் துறை மாற வாய்ப்பு கேட்டால் எல்லா லெப்டினன்ட்டுக்கும் கிடைக்குமா என்றால் சந்தேகம்தான். ஆனால் வாய்ப்பு கிடைத்த பிறகு அந்த இயந்திரம் யாருக்கும் சலுகை காட்டாது. ஒரு கண்ணில் திரை, மறு கண்ணில் வெளி உலகம், கையில் பீரங்கி, காதில் நாலு ரேடியோ. பலரும் சிரமப்படுகிற பயிற்சி என்று சொல்வதைவிட, பறக்கத் தெரியாதவனைப் பறக்க விட்டால் கூட உட்கார்ந்திருப்பவனும் சாவான் என்று சொன்னால் போதும். ஹாரி தன் வகுப்பில் சிறந்த துணை விமானி, சுடுபவருக்கான பரிசு வாங்கினார். 2012 செப்டம்பரில் மறுபடி ஆப்கானிஸ்தான் போனார், இந்த முறை ஊரறிய. அவர் வந்து ஒரு வாரத்துக்குள் பாஸ்டியன் முகாமுக்குள் தாலிபான்கள் புகுந்து இரண்டு அமெரிக்க மரீன் வீரர்களைக் கொன்றார்கள், ஆறு ஹாரியர் விமானங்களைக் கொளுத்தினார்கள். ஹாரி 2013 ஜனவரி வரை அங்கேயே இருந்தார்.

அண்ணன் வில்லியமின் கதை வேறு. அப்போது அரியணைக்கு இரண்டாவது வரிசையில் இருந்தவரைச் சண்டைக்கு அனுப்ப யாரும் தயாராக இல்லை. அதனால் அவருடைய ராணுவ வாழ்க்கை ஒருவிதச் சுற்றுலாவாகத் தொடங்கியது. 2008 ஜனவரியில் விமானப்படைக்குப் போய் நான்கே மாதத்தில் விமானிச் சின்னம் வாங்கினார். சாதாரண விமானிக்கு அது வருடக்கணக்கு வேலை. அவருக்கென்று சுருக்கப்பட்ட பயிற்சி. அதே ஏப்ரலில் சினூக் ஹெலிகாப்டரைக் கொண்டுபோய்க் காதலி கேட்டின் வீட்டுத் தோட்டப் பக்கம் இறக்கினார். இன்னொரு நாள் லண்டனில் தம்பியை ஏற்றிக்கொண்டு வைட் தீவில் உறவினரின் திருமணத்துக்கு முந்தைய விருந்துக்குப் போனார். எல்லாமே அனுமதி பெற்ற பயிற்சிப் பறப்புகள் என்றது அமைச்சகம். இருக்கலாம். ஆனால் நம்மூர் பாஷையில் சொன்னால், ஆபீஸ் ஜீப்பில் மாமியார் வீட்டுக்குப் போவது. படையில் ஹெலிகாப்டர் பற்றாக்குறை என்று ஆப்கானிஸ்தானில் வீரர்கள் புலம்பிக்கொண்டிருந்த காலம் அது.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். பிறகு அவர் முழுநேரமாக விமானப்படைக்கு மாறி, ஆங்கிள்சி தீவில் சீ கிங் மீட்பு ஹெலிகாப்டரில் மூன்று வருடம் ஒழுங்காக வேலை பார்த்தார். 2013-ல் விலகும் வரை 156 மீட்புப் பணிகள், காப்பாற்றியது 149 பேர். புயலில் கடலுக்கு மேல் ஹெலிகாப்டரை அசையாமல் நிறுத்துவதற்குப் பட்டமும் பதவியும் உதவாது.

இவர்களுடைய சித்தப்பா ஆண்ட்ரூவின் பெயர் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரியும். ஆனாலும் 1982 ஃபாக்லாந்து போரில் அவர் செய்ததை மறைக்க முடியாது. 22 வயதில் 'இன்வின்சிபிள்' விமானந்தாங்கிக் கப்பலில் ஹெலிகாப்டர் துணை விமானி. அவரைக் கரையில் மேஜை வேலைக்கு மாற்றலாமே என்று அமைச்சர்கள் யோசித்தார்கள். அம்மா, அதாவது ராணி இரண்டாம் எலிசபெத், மகன் கப்பலோடுதான் போவான் என்று சொல்லிவிட்டார். எக்ஸோசெட் ஏவுகணைகளைக் கப்பலிலிருந்து திசைதிருப்பத் தன் ஹெலிகாப்டரையே இரையாகக் காட்டுவதும் அவர் வேலைகளில் ஒன்று. அந்தப் போரில் பிரிட்டன் தரப்பில் செத்தவர்கள் 255 பேர்.

ராணியே 1945-ல் பெண்கள் துணைப்படையில் சேர்ந்து வண்டி ஓட்டவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டவர். மசி படிந்த கைகளோடு எடுத்த படங்கள் உலகம் பூராவும் போயின. சாயங்காலம் ஆனால் மட்டும், மற்ற பெண்களைப் போல முகாமில் தங்காமல், வின்ட்சர் கோட்டைக்குத் தூங்கப் போய்விடுவார்.

இலங்கை வாசகர்களுக்கு ஒரு துணுக்கு. ராணியின் கணவர் பிலிப், இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் கிரேக்க நாட்டு இளவரசர். கிரீஸ் அப்போது நடுநிலை நாடு. அதன் இளவரசன் பிரிட்டிஷ் கப்பலில் செத்துவைத்தால் ராஜதந்திரச் சிக்கல் என்று பயந்து, 1940-ல் கொழும்பில் 'ராமிலீஸ்' போர்க்கப்பலில் ஏற்றி இந்தியப் பெருங்கடலில் சுற்ற விட்டார்கள். சண்டையே இல்லாத இடம். இத்தாலி கிரீசைத் தாக்கியதும் அந்தச் சிக்கல் போய்விட்டது, உடனே மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார்கள். 1941 மார்ச்சில் மாட்டபான் முனைப் போரில் 'வேலியன்ட்' கப்பலின் தேடுவிளக்குகளை இயக்கி இத்தாலியக் கப்பல்களைக் காட்டிக்கொடுத்தார். 21 வயதில் ஒரு போர்க்கப்பலின் முதல் லெப்டினன்ட். இதில் எதையும் சலுகை என்று யாரும் சொன்னதில்லை. மனைவி ராணியானபோது அவருடைய நிஜமான கடற்படை வாழ்க்கை முடிந்துபோனது. அப்புறம் வந்ததுதான் சலுகை: 1952-ல் கமாண்டராக இருந்தவர், 1953 ஜனவரியில் ஒரே நாளில் கடற்படையின் அட்மிரல் ஆஃப் த ஃப்ளீட், தரைப்படையின் ஃபீல்டு மார்ஷல், விமானப்படையின் மார்ஷல். வயது 31.

நம் நாட்டிலும் ஒரு ராஜா இருந்தார், அவரைச் சொல்லாமல் விட மனமில்லை. ஜெய்ப்பூரின் சவாய் பவானி சிங் 1951-ல் குதிரைப்படையில் செகண்ட் லெப்டினன்ட்டாகச் சேர்ந்து படிப்படியாக ஏறியவர். 1970-ல் அப்பா இறந்ததும் மகாராஜா ஆனார், பட்டாளத்தை விடவில்லை. 1971 டிசம்பரில் 10 பாரா கமாண்டோ படையோடு பாகிஸ்தானுக்குள் பாலைவனத்தில் வெகுதூரம் புகுந்து சாச்ரோவைத் தாக்கி மகாவீர் சக்கரம் வாங்கினார். அதே மாதம் டெல்லியில் 26-வது சட்டத் திருத்தம் அமலுக்கு வந்து மன்னர் பட்டமும் மானியமும் ஒழிந்தன. இருபது வருடம் உழைத்து வாங்கிய லெப்டினன்ட் கர்னல் பதவி மட்டும் யாரும் பறிக்க முடியாததாக மிஞ்சியது.

பிரிட்டனில் கணக்கு வேறு மாதிரி போகிறது. ராணியின் கடைசி மகன் எட்வர்டு, ராயல் மரீன்ஸ் பயிற்சியை மூன்றில் ஒரு பங்கு முடித்த நிலையில் 1987 ஜனவரியில் பாதியில் விட்டவர். அதில் தப்பில்லை, கமாண்டோ பயிற்சி எல்லாருக்கும் ஒத்துவராது. 2022 செப்டம்பர் 14 அன்று ராணியின் சவப்பெட்டி பக்கிங்ஹாம் அரண்மனையிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலுக்குப் போனது. பின்னால் குடும்பத்தார் நடந்தார்கள். மகன்களிலும் பேரன்களிலும் எதிரியின் குண்டுக்கு எதிரே நின்றவர்கள் ஆண்ட்ரூவும் ஹாரியும். அரச பணிகளில் இல்லை என்பதால் அன்று அவர்களுக்குச் சீருடை அனுமதி கிடையாது. கறுப்புக் கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு நடந்தார்கள். அதே வரிசையில் எட்வர்டு முழு ராணுவச் சீருடையில் போய்க்கொண்டிருந்தார்.